நிலைக்கு வரும் கஜலட்சுமி

செட்டிநாட்டு வீடுகளின் தலைவாசல் நிலைக்கு மேலே கஜலட்சுமி அமர்ந்திருப்பாள். இரு பக்கமும் யானைகள், உயர்த்திய தும்பிக்கைகளில் கலசம், கீழே தாமரை. ஆசாரிகளின் உளிதான் அவளைத் தலைமுறைகளாக மரத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. இப்போது கணினி வழிநடத்தும் சிஎன்சி இயந்திரப் பட்டறைகளிலிருந்தும் அவள் வருகிறாள். 450 மி.மீ. நீளமும் 300 மி.மீ. உயரமும் உள்ள தேக்குப் பலகையில், 15 மி.மீ. புடைப்பாக அவள் வந்து சேரும் வழியைப் பார்க்கலாம்.

பிறப்பு கணினித் திரையில். சாம்பல் நிறப் படம் ஒன்றில் வெள்ளை மேடு, கறுப்பு பள்ளம் என்று வைத்துக்கொண்டு மென்பொருள் உயரங்களைக் கணக்கிடும். ஒரு சிலையைப் புகைப்படம் எடுத்து அப்படியே கொடுத்தால் உருவம் கெட்டுவிடும். நெற்றியில் பட்ட வெளிச்சம் மேடாகும், கறுத்த புருவம் குழியாகும். சாதாரண 8 பிட் படத்தில் 256 சாயல்களே உண்டு. 15 மி.மீ. ஆழத்தை அவற்றுக்குள் பங்கிட்டால் ஒரு படி ஏறக்குறைய 0.06 மி.மீ. வரும். வழவழப்பாக இருக்க வேண்டிய கன்னத்தில் அந்தப் படிகள் வரிவரியாகத் தெரியும். 16 பிட் படத்தில் 65,536 சாயல்கள் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

நல்ல வடிவமைப்பாளர் படத்தை நம்பியிருப்பதில்லை. உறுப்பு உறுப்பாக உருவத்தை எழுப்புகிறார். டெல்காம் நிறுவனத்தின் ஆர்ட்கேம் பல பட்டறைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. டெல்காமை வாங்கிய ஆட்டோடெஸ்க் 2018இல் ஆர்ட்கேமின் விற்பனையை நிறுத்தியது; அந்த வழியில் இன்று கார்வெகோ தொடர்கிறது. வெக்ட்ரிக் ஆஸ்பயரும் பரவலாக உண்டு. எந்த மென்பொருளானாலும் 15 மி.மீ. ஆழத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார். முழுச்சிலையின் ஆழத்தை எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் அழுத்தினால் மூக்கு சப்பையாகிவிடும். அதனால் பின்னால் நிற்கும் யானையின் வயிற்றிலிருந்து ஆழத்தை மிச்சம்பிடித்து முகத்துக்குத் தர வேண்டும். அபய முத்திரை காட்டும் கை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். ஒன்றை ஒன்று மறைக்கும் விளிம்புகள் கூர்மையாக இருந்தால், சில மில்லிமீட்டரே தூரத்தைக் காட்டிவிடும். ஒரு சிற்பியின் வேலையில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது டூல்பாத், அதாவது மரத்தை வெட்டும் முனையான பிட் நடக்கப்போகும் பாதை. முதல் சுற்றில் 6 மி.மீ. தட்டை முனை பிட் தேவையற்ற மரத்தை அடுக்கடுக்காக அள்ளி எடுக்கும்; உருவத்தின் மேல் அரை மில்லிமீட்டர் தோலை மட்டும் விட்டுவைக்கும். அதைச் சீவ வருவது கூம்பு வடிவ பால் நோஸ் பிட். அதன் உருண்டை முனை 1 மி.மீ. விட்டம். ஒரு வரி ஓடி முடித்ததும் எவ்வளவு நகர்ந்து அடுத்த வரியைத் தொடங்குவது? இந்த நகர்வைத்தான் ஸ்டெப்ஓவர் என்கிறார்கள். 0.1 மி.மீ. என்று வைத்தால் 300 மி.மீ. உயரத்துக்கு 3,000 வரிகள், மொத்தம் 1,350 மீட்டர் ஓட்டம். நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் ஏழரை மணி நேரம். மேடுபள்ளங்களில் இயந்திரம் வேகம் குறைவதால் அதற்கும் மேலே. 0.2 என்று வைத்தால் நேரம் பாதி. ஆனால் வரிகளுக்கு நடுவே நிற்கும் முகடு நான்கு மடங்கு உயரும். அவசரக்காரர் மிச்சம்பிடித்த நேரம் உப்புத்தாளில் போய்விடும், கூடவே மூக்கு நுனியும் இமைக்கோடும் தேயும்.

வரிகள் மரத்தின் நார் ஓடும் திசையிலேயே ஓடட்டும். பிறகு உப்புத்தாளும் அதே திசையில் போகும். தேக்கில் சிலிக்கா உண்டு, அது பிட்டின் கூர்மையை மழுக்கும். மழுங்கிய பிட் நாரை வெட்டாமல் பிய்க்கும். பாதி முகத்தில் பிட்டை மாற்றி, உயரத்தை மயிரிழை தவறாக வைத்தாலும் கன்னத்தின் குறுக்கே ஒரு கோடு விழும்.

மூன்று அச்சு இயந்திரத்தின் பிட் மேலிருந்து மட்டுமே இறங்கும். உயர்ந்த தும்பிக்கைக்குப் பின்புறம் அதனால் நுழைய முடியாது. தும்பிக்கை பலகையோடு ஒட்டியே நிற்கும். அந்த இடுக்கைக் குடைந்து திறப்பது உளிதான். கண்ணின் மூலை, விரல் இடுக்கு, தாமரை இதழின் அடி என்று ஆசாரி தொட்டுக்கொண்டே போகும்போது முகம் தெளிகிறது. பிறகு பாலிஷ், பிறகு நிலை.

இந்த உருவத்தைச் சுமக்கும் கணினிக் கோப்பு அதோடு ஓய்வதில்லை. ஒரே கோப்பு ஊர் ஊராகப் போய், பல தெருக்களில் ஒரே முகமாக நிற்கிறது. சின்ன நிலைக்காக அதை 60 விழுக்காடாகச் சுருக்கி ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்போது 1 மி.மீ. இதழ் இடுக்கு 0.6 ஆகிவிடும், 1 மி.மீ. பிட் அதற்குள் இறங்காது, இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். 15 மி.மீ. புடைப்பும் 9 ஆகிவிடும். எனவே ஆழத்தைத் திரும்பப் பங்கிட்டு, இடுக்குகளை அகலப்படுத்தி, பிட்டைத் தேர்ந்து, பாதையை முதலிலிருந்து கணக்கிட்டாக வேண்டும்.