உமணர் வண்டியும் இன்றைய வீட்டு வண்டியும்



பள்ளி விடுமுறை நெருங்கினால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில் இப்போது புதியதொரு பேச்சு எழுகின்றது. தங்கும் விடுதி வேண்டா. மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டு வண்டியில் சென்று, மின்கம்பியும் குழாய் நீரும் எட்டாத இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்கி வரலாம் என்பதே அது. "இது மேல்நாட்டார் பழக்கமாயிற்றே, நமக்கு ஒத்து வருமா ஐயா?" என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் வினவினார். நம் இலக்கியத்தைப் புரட்டிப் பார்த்தால், வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு காடும் மலையும் கடந்த மக்கள் நம்மிடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தனர் என்பது விளங்கும்.

அவர்களே உமணர். நெய்தல் நிலத்து உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று விற்ற வணிகர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, அவர்தம் வண்டியைக் கண்முன் நிறுத்துகின்றது. முழவைப் போலத் திரண்ட முழுமர உருளி. ஆரை வேய்ந்த கூரை. வாயிலில் கோழி அடையும் கூடு. பெண் யானையின் முழங்காலை ஒத்த சிற்றுரல் ஒன்று தொங்குகின்றது. காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டுள்ளது. குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகின்றாள். வேப்பந்தழை மாலை அணிந்த வலிய ஆடவர் இருமருங்கும் காத்து நடக்கின்றனர்.

இதனைப் பட்டியலாக எழுதிப் பாருங்கள். மழைக்குக் கூரை, சமைக்க உரல், கெடாத உணவாகக் காடி, வழியில் முட்டையும் இறைச்சியும் தரக் கோழி. கடைத்தெரு இல்லாத வழிக்கு வேண்டியவை அனைத்தும் வண்டியில் இருந்தன.

புறநானூற்றின் 102ஆம் பாட்டு இன்னொரு செய்தி தருகின்றது. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்று அஞ்சி, உமணர் வண்டியின் அடியில் மற்றோர் அச்சினைக் கட்டிச் சென்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். ஔவையார் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடினார். இன்று வண்டியின் பின்புறம் நாம் வைத்திருக்கும் மாற்றுச் சக்கரத்தின் மூதாதை இதுவே.

நாம் வாழும் பள்ளத்தாக்குக்கும் மாட்டு வண்டி புதியதன்று. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்த பின்னர், அத்தாப்புக் குடில்களுக்கு மாற்றாகச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அதற்கான சூளைகள் இருந்தமையாலேயே பிரிக்பீல்ட்ஸ் அப்பெயர் பெற்றது. செங்கல்லைச் சுமந்தவை மாட்டு வண்டிகள். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் அது கிள்ளானை எட்டியது. பின்னர் லாரியும் வந்தது. வண்டி மறைந்தபோது நுகம், அச்சு, கடையாணி முதலிய சொற்களும் நம் பிள்ளைகளின் நாவிலிருந்து மறைந்தன.

இன்று வீட்டு வண்டியை ஆயத்தம் செய்வோர் முதலில் மின்சாரத்தைக் கணக்கிடுகின்றனர். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் 1,200 வாட்-மணி ஆற்றலைத் தாங்கும். பழைய ஈய-அமில வகையாயின், அதன் ஆயுள் கருதிப் பாதியை மட்டும் பயன்படுத்துதல் நலம். குளிர்ப்பெட்டி ஒன்று இரவும் பகலும் ஓடினாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கூரையில் சூரியத் தகடு பொருத்தினாலும், மர நிழலிலும் நம் நாட்டுப் பிற்பகல் மழையிலும் அது குறைவாகவே ஈட்டித் தரும்.

அடுத்தது தண்ணீர். நால்வர் கொண்ட குடும்பம், ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று சிக்கனமாகச் செலவழித்தாலும், மூன்று நாளைக்கு 120 லிட்டர் வேண்டும். அது 120 கிலோ எடை. வண்டியின் தாங்குதிறனை அறியாமல் ஏற்றினால் நிறுத்தியும் உடனே நில்லாது, சக்கரமும் தாங்காது. மயிலிறகே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கழிவையும் எண்ண வேண்டும். உமணர் கூட்டம் விட்டுச் சென்ற அடுப்புக் கற்களில் பின்வந்த மழவர் இறைச்சி சமைத்த காட்சி அகநானூற்றில் உண்டு. பிறருக்குப் பயன்படுவதை விட்டுச் சென்றனர். நாம் கழிவுநீரையும் நெகிழிப் பைகளையும் ஆற்றங்கரையில் விட்டு வரலாமா?

இவை அனைத்தையும் விடப் பெரியது ஒன்று உண்டு. உமணர் தனி வண்டியில் செல்லவில்லை. வண்டிகளின் வரிசைக்கு ஒழுகை என்று பெயர். தந்தை பாரியை இழந்த மகளிர் மேட்டில் ஏறி நின்று உமணரின் வண்டிகளை எண்ணியதாகக் கபிலர் பாடுகின்றார். எண்ணும்படி வரிசையாகச் சென்றனர். வழியை நன்கு அறிந்தவரோடு சென்றனர்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியலுக்கு முன், நம் சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் காலியில், கூடாரமிட்டு உறங்கிக்கொண்டிருந்தோர் மீது மலைச்சரிவு இடிந்து விழுந்தது. 31 பேர் உயிரிழந்தனர். விடுமுறைக்குச் சென்ற ஆசிரியரும் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். மின்கலமும் தண்ணீர்த் தொட்டியும் எவ்வளவு நிறைந்திருந்தாலும் சரியும் மண்ணை அவை தடுக்கா. ஆகவே புறப்படுமுன் வினவுங்கள்: அவ்விடத்திற்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் உள்ளதா? மேலே சரிவு உண்டா? மேல்மலையில் மழை பெய்தால் ஆற்றில் திடீர் வெள்ளம் வருமா? இரவில் வெளியேற இன்னொரு வழி இருக்கின்றதா? எங்கே தங்குகின்றோம், என்று திரும்புகின்றோம் என்பதை உறவினர் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உமணர் வண்டிப் பகுதியை உரையோடு படித்துக் காட்டி, அதிலுள்ள பொருள்களை ஒரு பக்கமும் இன்றைய வீட்டு வண்டியில் உள்ளவற்றை மறுபக்கமும் மாணவர்களை எழுதச் செய்யுங்கள். சேம அச்சுக்கு எதிரே என்ன எழுதுவது என்று அவர்களே சிந்திக்கட்டும். சங்கப் பாடல் தேர்வுக்கு மட்டும் உரியதன்று, வழிப்பயணத்திற்கும் உரியது என்பதைப் பிள்ளைகள் அப்போது உணர்வார்கள்.