ஏரியும் மதகும்

சென்ற தை மாதம் என் மருமானுடைய மின்சார ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு காஞ்சிபுரத்திலிருந்து தென்னேரிக்குப் போனேன். ஊருக்குள் நுழையும்போதே வண்டி மூச்சு அடங்கி நின்றுவிட்டது. டீக்கடைக்காரர் தயவில் சார்ஜ் ஏற்றப் போட்டுவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்தோம்.

"பெட்ரோல் போட இரண்டு நிமிஷம். இதற்கு மட்டும் ஏன் மாமா இத்தனை நேரம்?" என்று அலுத்துக்கொண்டான்.

பதில் எதிரிலேயே இருந்தது. திரையன் ஏரிதான் தென்னேரி ஆயிற்று என்பார்கள். ஏரி கடலாகவே விரிந்து கிடந்தாலும், மதகும் கால்வாயும் வழிவிடுகிற வேகத்தில்தானே தண்ணீர் வயலுக்குப் போகும்? பாட்டரிக்கும் அதே நியாயம்தான்.

1859-ல் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு ஈயத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாமல் பாய்போலச் சுருட்டி, கந்தக அமிலத்தில் நிறுத்தினார். மீண்டும் மீண்டும் மின்சாரம் ஏற்றக்கூடிய பாட்டரி பிறந்தது. ஆனால் தகட்டின் மேல்தோல் மட்டுமே உழைத்தது. உள்ளே இருந்த ஈயம் சும்மா கிடந்தது. 1881-ல் ஃபோர் என்பவர் தகட்டின்மேல் ஈயச் செந்தூர விழுதைப் பூசினார். அதன் நுண்துளைகளில் அமிலம் புகுந்தது. சும்மா இருந்த ஈயத்துக்கும் வேலை கிடைத்தது.

லிதியம் பாட்டரியின் கதையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். தூத்துக்குடிச் சீமையில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், அமெரிக்க விஞ்ஞானி குட்இனஃபுடன் சேர்ந்து 1980-களின் பிற்பகுதியில் மலிவான இரும்புச் சேர்மங்களைத் தகட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். அந்த வழியில் 1997-ல் குட்இனஃபின் குழு இரும்புப் பாஸ்பேட்டை அறிவித்தது. மலிவுதான், ஆனால் மகா மந்தம்! மின்சாரம் அதற்குள் ஊர்ந்தே சென்றது. பிறகு அதை நுண்ணிய துகளாக்கிக் கரிப்பூச்சுப் பூசினார்கள். நடை தூரம் குறைந்தது, பாதையும் கிடைத்தது. ஒதுக்கப்பட வேண்டிய பொருள் இன்று கார்களை ஓட்டுகிறது. 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவர் மந்திரம்தான்.

"அப்படியானால் தகட்டை இன்னும் மெல்லியதாக்கி, ஐந்தே நிமிஷத்தில் ஏற்றிவிடலாமே!" என்றான் மருமான்.

மெல்லிய தகட்டில் சரக்கு குறைவாகத்தான் பிடிக்கும். லிதியத்தை அளவுக்கு மீறி விரட்டினாலோ, அது எதிர்த்தகட்டின் உள்ளே புகாமல் மேலேயே உலோகமாகப் படிந்து, பாட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும்.

"மதகை உடைத்துவிட்டால் தண்ணீர் வேகமாகத்தான் போகுமடா. அப்புறம் ஏரி ஏது?" என்றேன்.

அவன் பேசாமல் எழுந்து டீக்கடைக்குப் போய் இன்னும் இரண்டு டீ சொன்னான்.