பூனட்: சொல்லும் உடையும்

பூனட் என்பது நார்வே மக்கள் மே 17ஆம் நாள் உடுத்தும் வட்டார மரபுடை. நாட்டின் அரசியலமைப்பு 1814இல் அந்நாளில்தான் ஐட்ஸ்வோலில் கையெழுத்தானது. பள்ளிப் பிள்ளைகள் கொடியேந்திச் செல்லும் ஊர்வலத்தை வேடிக்கை பார்க்க நிற்கும் கூட்டத்தில், பூவேலை செய்த கம்பளி உடைகளும், மார்பில் ‘சோல்யே’ என்னும் வெள்ளிப் பதக்கங்களும் நிறைந்திருக்கும்.

சொல் பழையது. பழைய நார்ஸ் மொழியின் ‘பூனத்ர்’ என்பதிலிருந்து வந்தது. ‘பூவா’ என்ற வினை அதன் வேர். குடியிருத்தல், ஆயத்தம் செய்தல் இரண்டும் அவ்வினையின் பொருள்கள். ஆகவே வீட்டுத் தட்டுமுட்டு, கருவி, உடை எல்லாமே ‘பூனத்ர்’ ஆயின. அதன் வழிவந்த மொழிகளில் பொருள் வெவ்வேறு பக்கம் ஒதுங்கிவிட்டது. சுவீடனில் அது சுவரில் தொங்கவிடும் அலங்காரத் துணி. ஐஸ்லாந்தில் இன்றும் ‘சாதனம்’தான், கணினி மென்பொருளுக்கு அங்கே வைத்த பெயரிலும் இச்சொல் இருக்கிறது.

நார்வேயில் இதை விழா உடைக்கு உரியதாக்கியவர் எழுத்தாளர் ஹுல்டா கார்போர்க். அவருடைய ‘நோர்ஸ்க் கிளேடபூனட்’ என்ற சிறுநூல் 1903இல் வந்தது. சுவீடனுடனான ஒன்றியம் முறிய இன்னும் இரண்டே ஆண்டுகள். அதற்கு முன்பு ஹார்டங்கர் வட்டார உடை ஒன்றே தேசிய உடையாக எங்கும் பரவியிருந்தது. ஒவ்வொரு வட்டாரமும் தன் உடையை, உள்நாட்டுத் துணியில், மீட்டெடுக்க வேண்டும் என்றார் அவர். நகரவாசிகள் எழுதிய, டேனிய வாடை வீசும் மொழிக்கு மாற்றாக, நாட்டுப்புற வழக்குகளிலிருந்து உருவான எழுத்துமொழியை ஆதரித்தவர் அவர். உடையின் பெயரையும் அந்த வழக்கிலிருந்தே எடுத்தது இயல்பு.

இங்கே ஒரு வேறுபாடு உண்டு. செட்டஸ்டால் போன்ற இடங்களில் தலைமுறை விடாமல் உடுத்திவந்தது ‘ஃபோல்கதிராக்ட்’, அதாவது மக்களுடை. பழைய துணிகளைப் பார்த்துப் பின்னர் அமைத்துக்கொண்டதே பூனட். கார்போர்க் தாராளமாக மாற்றியமைத்தார். அவருக்குப் பின் வந்த கிளாரா செம்ப் மூலத்தை ஒட்டியே தைக்க வேண்டும் என்று கண்டிப்புக் காட்டினார். 1947இல் அரசே பூனட் விவகாரங்களுக்கென ஒரு குழு அமைத்தது. பூனட்டோடு கறுப்புக்கண்ணாடி போடுவோரைக் கடிந்துகொள்பவர்களுக்கு ‘பூனட் போலீஸ்’ என்ற பட்டமும் கிடைத்தது. பொருத்தமான பட்டம்தான்.

2019இல் உள்ளூர் மகப்பேறு மனைகளை மூடுவதை எதிர்த்துப் பெண்கள் இவ்வுடையிலேயே வீதிக்கு வந்தார்கள். அந்த இயக்கத்தின் பெயர் ‘பூனட் கெரில்லா’. பூனட்டைத் தைக்கும் கைத்தொழிலும் உடுத்தும் வழக்கமும் 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.