நாடா எரியும் வாரம்: கோயிம்பிரா மாணவர் விழாவின் வரலாறு

போர்த்துகல் நாட்டின் நடுப்பகுதியில் மொண்டேகு ஆற்றங்கரைக் குன்றொன்றின் மேல் எழுந்துள்ள கோயிம்பிரா, 1290இல் லிஸ்பனில் நிறுவப்பெற்று, பலமுறை இடம் மாறி, 1537இல் இங்கு நிலைகொண்ட பல்கலைக்கழகத்தைச் சார்ந்தே வாழ்ந்துவரும் நகரமாகும். குன்றின் உச்சியிலுள்ள 'ஆல்ட்டா' எனும் மேலூர் பல்கலைக்கழகத்துக்கும், ஆற்றை ஒட்டிய 'பைஷா' எனும் கீழூர் வணிகத்துக்கும் உரியவையாக நெடுங்காலம் இருந்துவந்தன. ஆண்டுதோறும் மே மாதத்தில் மாணவர்கள் மேலூரிலிருந்து இறங்கிவந்து நகரம் முழுவதையும் தம் அரங்காக்கிக்கொள்ளும் எட்டு நாள் கொண்டாட்டமே 'கெய்மா தஷ் ஃபித்தாஷ்', அதாவது நாடா எரிப்பு விழா. இதை அரசும் தோற்றுவிக்கவில்லை, பல்கலைக்கழக நிர்வாகமும் தோற்றுவிக்கவில்லை. மாணவர்களே உருவாக்கினர், மாணவர்களே நிறுத்தினர், மாணவர்களே மீட்டனர் என்பதில்தான் இவ்விழாவின் வரலாற்றுச் சிறப்பு அடங்கியுள்ளது.

எரிக்கப்படும் நாடா, புத்தகங்களையும் குறிப்புகளையும் வைத்துக் கட்டும் 'பாஸ்தா' எனும் கோப்புறைக்கு உரியது. மருத்துவத்துக்கு மஞ்சள், சட்டத்துக்குச் சிவப்பு, மருந்தியலுக்கு ஊதா, கலைத்துறைக்கு அடர்நீலம், அறிவியலுக்கு வெளிர்நீலம் எனத் துறைதோறும் நிறம் வேறுபடும். இறுதியாண்டுக்கு முந்தைய நிலையில் உள்ளவர் கட்டும் குறுகிய நாடா 'கிரெலு' எனப்படும். அதைத் தீயிலிட்ட பின்னரே, உற்றாரும் நண்பரும் ஆசிரியரும் வாழ்த்தெழுதிக் கையொப்பமிடும் அகன்ற நாடாக்களைக் கோப்புறையில் தொங்கவிடும் உரிமை அவருக்குக் கிட்டும். படிப்பு முடியும் தறுவாயில் இவ்வாறு நாடாவை எரிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே இருந்துவந்தது எனினும், அது அக்காலத்தில் ஒரு வகுப்பு மாணவர்களின் சிறு சடங்காக இருந்ததேயன்றி நகர விழாவாக விரியவில்லை.

அதை விரியச் செய்தது 1899ஆம் ஆண்டின் ஒரு கேலி விழாவாகும். போர்த்துகல் அரசு அக்காலத்தில் நூற்றாண்டு விழாக்களில் பேரார்வம் காட்டிவந்தது: 1880இல் கவிஞர் கமோயிஷ் மறைந்த முந்நூறாவது ஆண்டும், 1898இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த நானூறாவது ஆண்டும் ஊர்வலங்களோடும் உரைகளோடும் கொண்டாடப்பட்டன. இவற்றைக் கண்டு சலித்த கோயிம்பிரா மாணவர்கள், பேராசிரியரின் விரிவுரையைக் கல்லச்சில் படியெடுத்து விற்கப்பட்டதும் வரிக்கு வரி மனப்பாடம் செய்யப்பட்டதுமான 'செபெந்தா' எனும் பாடக்குறிப்பேட்டுக்கு நூற்றாண்டு விழா எடுத்தனர். உருவக வண்டிகளும் வேடங்களும் இசையுமாகத் தெருக்களில் சென்ற அந்த ஊர்வலம், அரசின் ஆடம்பரத்தையும் வகுப்பறையின் வறட்சியையும் ஒருசேரச் சாடியது. 1905இல் பட்ட நிலை ஒன்றுக்குச் 'சவ ஊர்வலம்' நடத்தியபோதும் இதே போக்கு தொடர்ந்தது. 1910இல் முடியாட்சி வீழ்ந்து குடியரசு மலர்ந்ததும் பழைய மாணவர் மரபுகள் பலவும் பிற்போக்கு எனக் கருதப்பட்டு மங்கின. பின்னர் 1919 முதல் ஆண்டு விழாவாக நாடா எரிப்பு முறைப்படி வேரூன்றியது.

நிலைபெற்ற வடிவில் இவ்விழா நள்ளிரவில், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய பேராலயத்தின் படிக்கட்டுகளில் நிகழும் இசையோடு தொடங்குகிறது. கருப்பு மேலங்கியைத் தோளோடு போர்த்திய ஆயிரக்கணக்கான மாணவர்கள் குறுகிய சதுக்கத்தில் நெருங்கி நிற்க, ஆறு இணைத் தந்திகள் கொண்ட போர்த்துகீசிய கித்தாரின் துணையுடன் 'ஃபாது' எனும் உருக்கமான பாடல் வகை பாடப்படுகிறது. லிஸ்பனின் ஃபாது மதுக்கடைகளிலும் எளியோர் குடியிருப்புகளிலும் ஆண் பெண் இருபாலராலும் பாடப்பட்டு வளர்ந்தது; கோயிம்பிராவின் ஃபாதுவோ திறந்தவெளியில் மாணவ ஆண்களால் பாடப்பட்டு வளர்ந்தது. இங்குள்ள கித்தார் லிஸ்பன் கித்தாரைவிட ஒரு முழுச் சுரம் தாழ்த்திச் சுருதி சேர்க்கப்படுவதால் அதன் நாதம் கனத்து ஒலிக்கிறது. பாட்டு முடிந்தபின் எவரும் கைதட்டுவதில்லை. இறுதியாண்டு முடிக்கும் மாணவர்க்கு இதுவே பிரிவுணர்வு முழுமையாகக் கவியும் வேளை என்பதால், வாரத்தின் வேறெந்த நிகழ்ச்சியையும்விட இதற்கே மதிப்பு மிகுதி எனலாம். தொடரும் நாட்களில் காகிதப் பூக்களால் துறை நிறங்களில் அலங்கரிக்கப்பட்ட வண்டிகள் மேலூரிலிருந்து கீழூருக்கு ஊர்வலமாக இறங்குகின்றன. நடனங்களும் பூங்கா இசை இரவுகளும் நடைபெறுகின்றன. ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்துக்கு நிதி திரட்டும் பொருட்டு மாணவர்கள் சிறு காகிதக் கோப்புறைகளைத் தெருவில் விற்கின்றனர்.

இத்தகைய விழாவை அதற்குரியவர்களே துறந்த ஆண்டு 1969. நாட்டைச் சர்வாதிகாரியாக ஆண்டுவந்த சலசார் நோயுற்று விலகியபின் மார்செலு கயித்தானு தலைமையில் அந்தச் சர்வாதிகார ஆட்சி தொடர்ந்தது. அங்கோலா, கினி, மொசாம்பிக் ஆகிய குடியேற்ற நாடுகளில் போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று கணிதத் துறையின் புதிய கட்டடத்தைத் திறக்க வந்த குடியரசுத் தலைவர் அமெரிக்கு தொமாஷ் முன்னிலையில், 1887இல் தோன்றிய மாணவர் சங்கத்தின் தலைவர் அல்பெர்த்து மார்ட்டின்ஸ் எழுந்து பேச அனுமதி கோரினார்; அது மறுக்கப்பட்டது, அன்றிரவே அவர் கைது செய்யப்பட்டார். மாணவர்கள் வகுப்புகளையும் பின்னர்த் தேர்வுகளையும் புறக்கணித்ததோடு, 'கல்வித் துக்கம்' அறிவித்து நாடா எரிப்பு விழாவையும் கைவிட்டனர். கூட்டங்களைத் தடைசெய்து பழகிய ஆட்சிக்கு, கொண்டாட மறுப்போரை எவ்வாறு தண்டிப்பது என்பது தெரியவில்லை. ஜூன் 22 அன்று லிஸ்பன் அருகே நடந்த போர்த்துகல் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் மாணவர் அணியான அக்காதெமிகா, பென்ஃபிகாவிடம் கூடுதல் நேரத்தில் 2-1 எனத் தோற்றது. ஆயினும் பார்வையாளர் வரிசைகளில் உயர்ந்த பதாகைகளால் அந்த ஆட்டமே ஆட்சிக்கு எதிரான பெரும் கூட்டமாக மாறியது. அது தொலைக்காட்சியில் காட்டப்படவில்லை. அவ்வாண்டிலேயே போராட்டத்தில் முன்நின்ற 49 மாணவர்கள் படைக்குக் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1974 ஏப்ரல் 25 நள்ளிரவு கடந்தபின், ஆட்சியைக் கவிழ்க்கப் புறப்பட்ட படையினருக்கு வானொலியில் அடையாளமாக ஒலித்த பாடல், கோயிம்பிராவில் பயின்று அந்நகர ஃபாதுவிலேயே தம் இசை வாழ்வைத் தொடங்கிய ஜுசே அஃபோன்சுவினுடையது. விழா மட்டும் உடனே மீளவில்லை. மேலங்கியும் நாடாவும் பழைய மேட்டுக்குடிச் சின்னங்களே எனக் கருதியோரும் மாணவர்களிடையே இருந்தனர். நீண்ட விவாதங்களுக்குப் பின் 1980இல்தான் நாடாக்கள் மீண்டும் எரிந்தன. துக்கத்தை இத்துணை நேர்மையோடு காத்தவர்களுக்கே கொண்டாட்டத்தை மீட்கும் தகுதியும் இருந்தது.

2013இல் யுனெஸ்கோ அமைப்பு கோயிம்பிரா பல்கலைக்கழகத்தையும் மேலூரையும் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபின்னும், விழாவில் எது தொடரலாம் எது கூடாது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை மாணவர்கள் பிறரிடம் ஒப்படைக்கவில்லை. நெடுங்காலமாக இவ்வாரத்தின் ஓர் அங்கமாக இருந்த இளங்காளை விளையாட்டு குறித்து 2018இல் அவர்கள் தமக்குள் வாக்கெடுப்பு நடத்தியபோது, வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்குக்கும் மேற்பட்டோர் அது வேண்டாம் என்றே முடிவு செய்தனர்.