சுபாங் வானிலை அறிக்கை: விளக்கவுரை

மூலம்:

மெட்டார் டபிள்யூஎம்எஸ்ஏ 120900இசட் 24008கேடி 4000 டிஎஸ்ஆர்ஏ எஃப்இடபிள்யூ016சிபி பிகேஎன்270 26/24 கியூ1008

என்னுதலிற்றோ எனின், கிள்ளான் பள்ளத்தாக்கின் சுபாங் விமான நிலையத்தில் ஒரு மாலைப்பொழுதின் வானிலை உணர்த்துதல் நுதலிற்று. இப்பாடம் பயில்வார்பொருட்டு அமைத்த மாதிரி. மெய்யறிக்கைகள் அமெரிக்க அரசின் விமான வானிலை மையத் தளத்தில் எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கும். சிமுலேட்டரில் பறக்கப் பயில்வார் அவற்றையும் இவ்வாறே கூறுகூறாக்கி ஓதுக.

மெட்டார்: விமான நிலையத்தில் குறித்த நேரந்தோறும் நோக்கியதை நோக்கியவாறே கூறும் அறிக்கை. வருவது கூறும் முன்னறிக்கை டாஃப் எனப்படும். இரண்டனையும் மயங்கற்க.

டபிள்யூஎம்எஸ்ஏ: இடப்பெயர். முதலெழுத்து இந்தோனேசியா, சிங்கப்பூர் முதலியன அடங்கிய வட்டாரத்தையும், இரண்டாமெழுத்துத் தீபகற்ப மலேசியாவையும், ஏனைய சுபாங்கையும் குறித்தன. 1965 முதல் கோலாலம்பூரின் வான்வாயிலாய் நின்றது சுபாங்; 1998இல் அத்தொழில் சிப்பாங்கிற்குப் பெயர்ந்தது. சிப்பாங்கின் குறி டபிள்யூஎம்கேகே. அதன் அறிக்கையைச் சுபாங்கிற்குக் கொள்ளலாகாது. ஓரிடத்து இடியிடிக்க மற்றோரிடத்து வெயிலெறித்தல் இந்நிலத்தின் இயல்பு ஆகலான்.

120900இசட்: 12 தேதி; 0900 மணி; இசட் உலகப் பொது நேரம் என்னும் குறி. மலேசிய நேரம் அதனின் 8 மணி முற்பட்டது. ஆகவே மாலை 5 மணி என்றவாறு. இதனால் பெறப்படுவது யாதெனின், இப்பொழுது இடிமழைக்கு உரிய பொழுது என்பது. ஏப்ரல், மே திங்களினும், அக்டோபர், நவம்பர் திங்களினும் பிற்பகல் வெப்பத்தால் எழுந்த முகில் மாலையில் பொழியும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இருந்து பயில்வான், தன் சாளரத்து வழிக் கேட்கும் இடியோடு இவ்வெண்ணை ஒப்புநோக்குக.

24008கேடி: 240 பாகைத் திசையினின்று 8 நாட் விரைவில் வீசும் காற்று, மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். "நின்று" என்றதனை நோக்குக. காற்று செல்லும் திசை கூறப்படாது. வரும் திசையே கூறப்படும். சுபாங்கிற்கு அது கிள்ளானும் கடலும் கிடக்கும் பக்கம். ஓடுபாதையோ 15, 33 என எண் பெற்றது. அஃதாவது 150, 330 பாகை. எவ்வழி இறங்கினும் இக்காற்று 90 பாகையில் நேர்குறுக்காக வரும் என்பது குறிப்பாற் கொள்ளப்படும்.

4000: பார்வை எட்டும் தொலைவு, மீட்டரில். 10 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஆயின் 9999 என எழுதுவர்.

டிஎஸ்ஆர்ஏ: இடியொடு கூடிய மழை. வன்மைக்குக் கூட்டற்குறியும் மென்மைக்குக் கழித்தற்குறியும் முன்னிற்கும். ஈண்டு இரண்டும் இல்லை. ஆகலின் இடைநிலை மழை. குறியின்மையும் ஒரு குறியே என்று உணர்க.

எஃப்இடபிள்யூ016சிபி: வானத்தை எட்டுக் கூறாக்கியவழி ஒன்றோ இரண்டோ மூடிய முகில்; அதன் அடிப்பக்கம் நிலையத்தின் மேல் 1600 அடி. சிபி என்பது இடிமுகில். அளவு சிறிதென்று இகழற்க. இம்மழைக்குக் காரணம் இதுவே.

பிகேஎன்270: ஐந்து முதல் ஏழு கூறு மூடிய முகில், 27,000 அடியில். தாழ்ந்ததை முன்னும் உயர்ந்ததைப் பின்னும் வைத்தல் முறை.

26/24: வெப்பம் 26, பனிநிலை 24 பாகை. இடைவெளி இரண்டே ஆகலின் காற்று ஈரம் செறிந்தது. மழை நிலத்தைக் குளிர்வித்தமையும் இதனாற் பெற்றாம்.

கியூ1008: கடல்மட்டத்திற்குக் கணக்கிட்ட காற்றழுத்தம், ஹெக்டோபாஸ்கலில். உயரமானியை இவ்வெண்ணிற்குத் திருப்புக. பொது அளவாகிய 1013இல் விடுவானாயின், மானி ஏறத்தாழ 140 அடி மிகுத்துக் காட்டும். சுபாங்கின் தரை ஏறத்தாழ 90 அடி. எனவே சக்கரம் தரை தொடும்போது மானி 230 அடி என்னும். உயரம் உளது என்று நம்பியவன் தரையில் மோதுவான்.

அற்றேல், எக்ஸ்-பிளேன் போலும் சிமுலேட்டர் அறிக்கையைத் தானே பெற்று வானத்தை அமைக்குமாகலின், ஓதுவது எற்றுக்கெனின்: வானத்தை அமைத்தல் அதன் தொழில், குறுக்குக் காற்றும் இடிமுகிலும் கண்டு இறங்குவதோ காத்திருப்பதோ எனத் துணிதல் ஓட்டுவான் தொழில். அத்துணிவு ஓதியவனுக்கே வாய்க்கும் என்க.