ஜெம்5

ஜெம்5 என்பது கணினிக் கட்டமைப்பு ஆய்வில் உலகெங்கும் பயன்படும் திறந்த மூல சிமுலேட்டர். இன்னும் சில்லாக வடிக்கப்படாத ஒரு பிராசசரையும் அதன் கேஷ், நினைவகம், உள்வலையமைப்பு ஆகியவற்றையும் மென்பொருளாகவே அமைத்து, அதன்மேல் உண்மையான நிரல்களை ஓட்டி அளந்து பார்க்க இது வழிசெய்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5, விஸ்கான்சின் (மேடிசன்) பல்கலைக்கழகத்தின் ஜெம்ஸ் ஆகிய இரண்டும் 2011இல் இணைந்து பிறந்தது இது. இரண்டின் பெயரும் இதன் பெயரில் உள்ளன.

1990களில் இத்துறையில் கோலோச்சியது டாட் ஆஸ்டின், டக் பர்கர் ஆகியோர் பெயரோடு அறியப்படும் சிம்பிள்ஸ்கேலர். பயனர் நிரலின் கட்டளைகளை அது நன்றாகவே ஆராய்ந்தது. ஆனால் இயங்குதளம் அதற்குள் ஓடாது. வலையமைப்புச் சுமையைத் தாங்கும் சர்வரில் நேரத்தின் பெரும்பகுதி இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே செலவாகும். அந்தப் பகுதியை விட்டுவிட்டு சர்வரை ஆராய்வதில் பொருளில்லை.

ஸ்டீவ் ரெய்ன்ஹார்ட், நேதன் பிங்கர்ட் உள்ளிட்ட மிச்சிகன் குழுவினர் இந்த இடைவெளியை நிரப்பவே எம்5ஐ எழுதினர். ஆல்ஃபா பிராசசரையும் வலையட்டையையும் அது ஒப்புருவாக்கியது. சர்வர், அதை நாடும் கணினி என இரு முனைகளையும் ஒரே ஓட்டத்தில் இயக்கியது. விஸ்கான்சினில் மார்க் ஹில், டேவிட் வுட் ஆகியோரின் குழுவுக்கு வேறொரு சிக்கல் முதன்மையாக இருந்தது: பல பிராசசர்கள் ஒரே நினைவகத்தைப் பகிரும்போது, ஒவ்வொன்றின் கேஷிலும் உள்ள பிரதிகள் முரண்படாமல் காப்பது எப்படி? 2005இல் அவர்கள் விவரித்த ஜெம்ஸில் இதற்கென ‘ரூபி’ என்ற நினைவக மாதிரியும் (அதே பெயருள்ள நிரல்மொழிக்கும் இதற்கும் தொடர்பில்லை), கேஷ் ஒத்திசைவு விதிகளை எழுதுவதற்கான ‘ஸ்லிக்’ என்ற சிறுமொழியும் இருந்தன. ஆனால் கட்டளைகளை இயக்க அது சிமிக்ஸ் என்ற வணிக மென்பொருளைச் சார்ந்திருந்தது. அடித்தளத்தின் மூலநிரல் ஆய்வாளர் கையில் இல்லை.

ஒன்றிடம் இல்லாதது மற்றதிடம் இருந்ததால் இணைப்பு இயல்பாக அமைந்தது. 2011ஆம் ஆண்டின் அறிமுகக் கட்டுரையில் பல்கலைக்கழகத்தாரோடு ஏஎம்டி, ஏஆர்எம், எச்பி நிறுவனங்களைச் சேர்ந்தோரும் ஆசிரியர்கள். போட்டியாளர்களை ஒரே மூலநிரலில் உழைக்கவைத்ததில் பிஎஸ்டி உரிமத்துக்குப் பெரும் பங்குண்டு. தம் ரகசிய வடிவமைப்பை வெளியிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பொதுவானதைத் திருப்பித் தரத் தடையும் இல்லை. ஏஆர்எம் கட்டளைத் தொகுதிக்கான ஆதரவும், ஏஎம்டியின் ஜிபியு மாதிரியும் இப்படித்தான் வந்து சேர்ந்தன. பின்னர் ரிஸ்க்-5 ஆதரவும் சேர்ந்தது. தொடக்ககால ஆல்ஃபா 2020இல் நீக்கப்பட்டது.

ஜெம்5ஐ ஒவ்வொருவரும் மூலநிரலிலிருந்து தாமே கட்டிக்கொள்வதே வழக்கம். உள்ளகம் சி++, கட்டுமானக் கருவி பைத்தானில் எழுதப்பட்ட எஸ்கான்ஸ். பிழை தேட ‘டிபக்’, அன்றாடப் பணிக்கு ‘ஆப்ட்’, சரிபார்ப்புகளை அகற்றி விரைவாக ஓட ‘ஃபாஸ்ட்’ என ஒரே மூலநிரலிலிருந்து வெவ்வேறு வடிவங்கள் கிடைக்கும். நெடுங்காலம் ஒரு கட்டளைத் தொகுதிக்கு ஒரு கட்டுமானம் என்றே இருந்தது, 22.1 பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரே இயங்குகோப்பில் சேர்க்கலாம். கட்டுமானத் தெரிவுகளுக்கு, லினக்ஸ் கருவில் பழகிய கேகான்ஃபிக் முறை 23.1இல் வந்தது.

எதை ஒப்புருவாக்குவது என்பது தனியாக ஒரு பைத்தான் நிரலில் எழுதப்படுகிறது. எம்5இலிருந்து வந்த இந்த ஏற்பாடே ஜெம்5இன் மிகச் சிறந்த வடிவமைப்பு முடிவு எனலாம். வெறும் அளவுருப் பட்டியலாக இருந்திருந்தால், முன்கூட்டியே யாரோ எண்ணிவைத்த அமைப்புகளோடு நின்றிருக்கும். நிரல் என்பதால் கேஷ் அடுக்குகளை வேண்டியபடி கோக்கலாம். ஒரே சுழற்சியில் நூறு அமைப்புகளை உருவாக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் முழு அமைப்பும் ஒரு கோப்பிலும், அளவீடுகள் இன்னொரு கோப்பிலும் பதிவாகின்றன.

உள்ளே காலம் பைக்கோநொடி நுணுக்கத்தில் நகர்கிறது. அதற்கான விலை வேகம். கட்டளைகளை வரிசை மாற்றி இயக்கும் விரிவான ‘ஓ3’ மாதிரி நொடிக்குச் சில இலட்சம் கட்டளைகளையே கடக்கும். உண்மையான பிராசசர் நூற்றுக்கணக்கான கோடிகளைக் கடந்துவிடும். ஆகவே லினக்ஸ் தொடங்கும்வரை எளிய மாதிரியிலோ, லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் வழியாக நேரடி வன்பொருளிலோ ஓட்டி, அளக்க வேண்டிய இடத்தில் மட்டும் விரிவான மாதிரிக்கு மாறுகிறார்கள்.

2020 வரை முறையான பதிப்புகள் வரவில்லை. மூலநிரல் மாறிக்கொண்டே இருந்தது. இரு ஆய்வுக் குழுக்கள் ஒரே சிமுலேட்டரைப் பயன்படுத்தியதாகச் சொன்னாலும் அவை ஒன்றுதானா என்பது ஐயத்துக்குரியது. அறிவியலுக்கு இது சிறு குறையன்று. டேவிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜேசன் லோ-பவர் முன்னின்ற முயற்சியில் 2020 மே மாதம் 20.0 வெளியானது, தொடர்ந்து பதிப்புகள் வருகின்றன. 2023இல் மூலநிரல் கிட்ஹப்புக்கு மாறியது. ஆயத்த உறுப்புகளைக் கொண்ட செந்தர நூலகம் இப்போது தொடக்கநிலையினரின் சுமையைக் குறைக்கிறது. ஓ3இன் இயல்புநிலை அளவுருக்களோ சந்தையிலுள்ள எந்த ஒரு பிராசசரையும் அப்படியே குறிப்பவை அல்ல. குறிப்பிட்ட சில்லோடு ஒப்பிட விரும்புபவர், அதன் அளவுகளைத் தேடித் தாமே பொருத்தி, வன்பொருளின் அளவீடுகளோடு சரிபார்த்த பிறகே முடிவுகளை வெளியிட வேண்டும்.