பள்ளியும் பட்டறையும்

தொழிற்கல்வி கற்றும் தொழில் கிடைக்கப்பெறாத இளைஞர் நம் நெல்லித்தோப்பில் உளர். "தக்க வேலையாள் கிடைப்பதில்லை" என்று குறைகூறும் தொழிற்சாலையாரும் இதே புதுவையில் உளர். ஒருபால் நீர்ப்பெருக்கு, மற்றொருபால் காய்ந்த வயல். இடையே கால்வாய் மட்டும் இல்லை. அக்கால்வாயை நமக்கு முன்னிருந்தோர் எவ்வெவ்வாறு வெட்டினர், எங்கெங்கே அது தூர்ந்தது என்பதனை வரலாற்று முறையில் ஆராய்ந்து, நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைநாளில் இவ்வினாவுக்கே இடமிருந்ததில்லை. தச்சன் மகன் தந்தையின் அருகிருந்து உளிபிடித்தான். கொல்லன் மகன் துருத்தி ஊதிக்கொண்டே இரும்பின் பதம் அறிந்தான். ஆசிரியனும் முதலாளியும் தந்தையும் ஒருவனே. அம்முறையின் நலம் யாதெனின், கற்றலும் செய்தலும் ஒன்றாயிருந்தமை. அதன் குறை யாதெனின், அக்குடியிற் பிறவாதார் அத்தொழிலின் வாயிலுட் புக இயலாமையும், புதுப்பொறி தோன்றியவிடத்துத் தந்தைக்கே வழி தெரியாமற் போனமையும் ஆம். நீராவியும் மின்னும் வந்தபின் தொழில் இல்லத்தை விட்டு ஆலைக்குச் சென்றது; கல்வி பள்ளிக்குச் சென்றது. பிரிந்த இவ்விரண்டையும் மீண்டும் கூட்டுவிக்க மக்கள் செய்த முயற்சியே தொழிற்கல்வியின் வரலாறு எனலாம்.

முதற்கண் சென்னையை நோக்குவோம். 1794 ஆம் ஆண்டில் அங்கு நில அளவைப் பள்ளியொன்று எட்டு மாணாக்கருடன் தொடங்கப்பெற்றது. அதுவே பிற்காலத்துக் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. கும்பினியார்க்கு நிலம் அளப்போர் வேண்டியிருந்தமையின் கும்பினியாரே பள்ளி வைத்தனர். கற்றோர்க்கு வேலை முன்னரே காத்திருந்தது. 1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளி நிறுவினார். 1898 இல் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் அப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைப் புகுத்தினார். 1903 இல் அப்பகுதி ஒரு கம்பெனியாருக்கு விற்கப்பட்டது. பள்ளியின் ஒரு மூலையிற் பிறந்த தொழில் நாட்டுத் தொழிலாயிற்று! ஆயினும், அரசினர் இவ்வாறு தொழில் நடத்துதல் தகாது என இந்திய மந்திரி மார்லி பிரபு 1910 இல் மறுத்துரைத்தமையின் அம்முயற்சி தளர்ந்தது. ஒருவர் ஊக்கத்தால் எழுந்தது மேலிடத்தார் ஒருவரது மனமாற்றத்தால் நின்றது. இது நாம் குறிக்கொள்ளத் தக்கது.

இனிக் கோயம்புத்தூரை நோக்குவோம். பீளமேட்டுப் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வர், 1926 இல் குடும்பச் சொத்தை ஐந்து கூறாக்கி, நான்கினைத் தாம் கொண்டு, ஐந்தாவது கூற்றை அறத்துக்கு ஒதுக்கினர். அவ்வறத்தின் வழியே ஒரு தொழிற்கூடம் எழுந்தது. அங்கே விற்பனைக்குரிய பொருள் செய்தலும் இளைஞர்க்குத் தொழில் பயிற்றலும் ஓரிடத்தே நிகழ்ந்தன. பைக்காராவின் மின்சாரம் 1930க்குப் பின்வந்த ஆண்டுகளில் அந்நகரை அடைந்தபோது ஆலைகள் பெருகின. மோட்டாரும் நீரிறைக்கும் பம்பும் செய்வோர் வேண்டியிருந்தனர். 1939 இல் பாலிடெக்னிக்கும் 1951 இல் தொழில்நுட்பக் கல்லூரியும் அவ்வறத்தாரால் தொடங்கப்பெற்றன. அங்குக் கல்லூரிக்கு அண்மையிலேயே பட்டறை. அதனால் மாணாக்கன் கற்ற சூத்திரம் மறுநாளே இரும்பிற் சோதிக்கப்படக் கூடியதாயிற்று. கோவையின் தொழிற்சிறப்புக்குரிய காரணங்களுள் இவ்வண்மையும் ஒன்றென்று கருதுகின்றோம்.

நிற்க. நம் புதுவையின் நிலை யாது? கோவையில் ஆலைகள் பெருகுமுன்னரே, 19 ஆம் நூற்றாண்டில், இங்கு ஆலைகள் எழுந்தன. இங்கு நெய்து நீலம் தோய்த்த துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனெகல் நாடுவரை சென்றது. சவானா ஆலை, ரோடியர் ஆலை, கெப்ளே ஆலை என்னும் மூன்றும் புதுவையின் அடுப்புகளை எரியவைத்தவை. ஆயின் தொழிலாளர் உரிமை எளிதில் வந்ததன்று. 1936 சூலை 30 ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர்மீது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிர்நீத்தனர். எழுத்தில் இல்லாத உரிமை உரிமையாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. ரோடியர் ஆலை பின்னாளில் ஏ.எப்.டி. எனப் பெயர்பெற்று, 2020 இல் மூடப்பட்டது. ஆலை மூடப்படுங்கால் அதனுள் வளர்ந்த கைத்திறன் என்னாகும்? ஆலைக்குள்ளே கற்ற வித்தைக்கு ஆலைக்கு வெளியேயும் செல்லத்தக்க சான்றிதழ் வேண்டும் என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

புதுவையை ஆண்ட பிரான்சு நாட்டார் தம் தாய்நாட்டில் இச்சிக்கலை வேறுவகையால் அவிழ்த்தனர். 1919 இல் இயற்றப்பட்ட அஸ்தியே சட்டம், தொழில் பழகும் சிறுவரை வேலைநேரத்திலேயே வகுப்புக்கு விடுதல் முதலாளியின் கடமை என்றது. 1925 இல் பழகுநர் வரி என ஒன்று விதிக்கப்பட்டது. "நான் பயிற்றுவிப்பேன், பயின்றவனை அடுத்த கடைக்காரன் அழைத்துக்கொள்வான்" என்பது எந்நாட்டு முதலாளியும் சொல்லும் சொல். பயிற்சியின் செலவை எல்லா முதலாளிகளும் பகிர்ந்து சுமத்தலே அதற்கு விடை என்பது அவ்வரியின் கருத்து.

நம் நாட்டில் 1961 ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் இத்துறையின் அடிக்கல்லாகும். முதலாளிக்கும் பழகுநனுக்கும் இடையே எழுத்தால் ஒப்பந்தம் வேண்டும். பழகுநன் சிறுவனாயின் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிடுதல் வேண்டும். பயிற்சிக்காலத்தில் உதவித்தொகை தருதல் வேண்டும். வேலையில் ஊறு நேரின் முதலாளி ஈடுசெய்தல் வேண்டும் என அச்சட்டம் வகுத்தது. பல முதலாளிகள் ஒன்றுகூடித் தம் பட்டறைகளில் பழகுநரை மாற்றி மாற்றிப் பயிற்றலாம் எனவும் இடந்தந்தது. 2019 இல் திருத்திய விதிப்படி, 30 பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலைசெய்யும் நிறுவனங்கள் தம் ஆட்டொகையில் நூற்றுக்கு 2.5 முதல் 15 வரை பழகுநரைக் கொள்ளுதல் கடமையாயிற்று. நால்வர் முதல் 29 பேர்வரை உள்ள சிறு பட்டறையார் விரும்பினாற் கொள்ளலாம்.

பள்ளிப் பக்கத்திலும் மாறுதல் நிகழ்ந்தது. 2007 இல் தொடங்கிய திட்டமொன்றால் 1396 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கட்கு ஒவ்வொரு தொழிற்றுணைவர் சேர்க்கப்பட்டனர். மக்கள் ஐ.டி.ஐ. என வழங்குவன இவையே. நிலையத்தை நடத்தும் குழுவின் தலைமை அத்தொழிற்றுணைவர்க்கே தரப்பட்டது. நிலையம் ஒன்றுக்கு 2.5 கோடி ரூபாய்வரை வட்டியில்லாக் கடனும் அளிக்கப்பட்டது. 2016 இல் இருவழிப் பயிற்சி முறை வந்தது: பாடம் நிலையத்தில், கைவேலை தொழிற்சாலையில்.

சட்டமும் திட்டமும் இருந்தும் கூட்டு ஏன் எளிதில் உண்டாவதில்லை? கூட்டு என்பது தாளில் இடும் கையொப்பமன்று. பள்ளியார் முதலாளியிடம் சென்று, "எம் மாணாக்கருக்கு வேலை தாரும்" என வேண்டுமுன், "நும் பட்டறையில் எப்பொறி ஓடுகின்றது? எவ்வேலையிற் பிழை மிகுகின்றது?" என வினவுதல் வேண்டும். அவ்விடைக்கேற்பப் பாடம் மாறல் வேண்டும். பயிற்றாசிரியர் தாமே சில கிழமை பட்டறையிலிருந்து புதுப்பொறி பழகுதல் வேண்டும். பட்டறை மேற்பார்வையாளர் பள்ளித் தேர்வில் உடனிருத்தல் வேண்டும். மாணாக்கன் இன்ன மாதத்தில் இன்ன வேலை கற்பான் என்னும் அட்டவணை இருபாலார் கையிலும் இருத்தல் வேண்டும். இவை இன்றேல் யாது நிகழும்? பயிற்சி என்னும் பெயரால் அவன் பெட்டி தூக்குவான், தரை துடைப்பான், ஓராண்டு கழியும், கைக்கு வித்தை வாராது. குறைந்த கூலிக்கு ஆள் பிடித்தலைக் கூட்டு என அழைத்தல் பித்தளையைப் பொன்னென்று விற்றலோடொக்கும்.

ஆதலின் நம் சங்கத்தார்க்குச் சிலவற்றை விண்ணப்பிக்கின்றோம். நம்முள் தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் சேதராப்பட்டிலும் பட்டறை வைத்திருப்போர், அண்மையிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தின் வாயிலை ஒருமுறையேனும் மிதித்து, தமக்கு வேண்டிய திறம் இன்னதென்று கூறுக. தனித்து ஒரு பழகுநனைக் கொள்ள இயலாத சிறு பட்டறையார் நால்வர் ஒன்றுசேர்ந்து கொள்க. சட்டம் அதற்கு வழிவிடுகின்றது. பெற்றோர், கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தைப் பிறரைக்கொண்டேனும் படிப்பித்து, காலம் எத்துணை, தொகை எத்துணை, கற்பிக்கும் வேலை யாது, முடிவில் தேர்வு உண்டோ என நான்கும் கேட்டறிக. பெண்மக்களையும் இவ்வழியில் செலுத்துக. பொறி ஆண் பெண் வேற்றுமை அறியாது. பழகுநனைத் தேருங்கால் நம்மவன் என்பது பற்றித் தேராது, கற்கும் வேட்கை பற்றியே தேர்க. பிறப்பால் வாயிலடைத்த பழங்குறையை நாம் புதுக்குறையாக்கலாகாது.

வகுப்பறையில் நாம் காணும் பிள்ளைகளுள் நூலிற் பின்தங்கியும் கைவேலையில் முந்துவோர் பலர். அவர்தம் பதினாறாம் வயதும் பதினேழாம் வயதும் மீண்டும் வாரா. சென்னையில் ஒருவர் ஊக்கத்தால் எழுந்தது ஒருவர் மறுப்பால் நின்றது. கோவையில் அறமாக நிறுவப்பட்டது தலைமுறை கடந்தும் வளர்ந்தது. ஆகவே புதுவைக் கால்வாயையும் ஒருவரது நன்மனத்தை மட்டும் நம்பி வெட்டாது, எழுத்தாலும் முறையாலும் பலர் கூடி வெட்டுவோமாக.